விசா வந்துருச்சா?

கல்யாணம் முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஒரு பொண்ணு அம்மா வீட்டிலேயே இருந்தால் திண்டுக்கல்லில் தெருவே ஒரு தினுசாகப் பார்க்கும். மாப்பிள்ளை வெளிநாட்டில் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பார்வை மாறிவிடும். அதுக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். "என்னம்மா, விசா வந்துருச்சா?"

பூக்காரம்மா கேட்பார். நாகல் நகரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாவோடு வேலை பார்த்தவர் கேட்பார். கோட்டை மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் கேட்ட அதே சித்தி, அடுத்த வருஷ மாசித் திருவிழாவிலும் மறக்காமல் கேட்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான். ஆனா பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குத்தான் அலுத்துப் போகும்.

இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது. (சில வீடுகளில் அது ஒரு பையன். அவனும் பின்னாடி வருகிறான், பொறுங்க.) பெயரெல்லாம் தேவையில்லை. கடைசி செமஸ்டரில் கிளாசுக்கே கல்யாணப் பத்திரிகை கொடுத்த பொண்ணு எந்த பி.காம். வகுப்பில்தான் இல்லை?

காத்திருப்பதைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபம். போனில் ரெண்டு கடிகாரம். துபாய் என்றால் ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரம் முன்னாடி, நியூயார்க் பக்கம் என்றால் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிரில் பத்தரை. எல்லாம் மனப்பாடம். அவன் அங்கே எழுந்திருக்கிற நேரத்துக்கு இவள் இங்கே மொட்டை மாடியில் நிற்பாள், மலைக்கோட்டைப் பக்கம் திரும்பி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்று ஒரு சாக்கு. சேர்ந்து இருந்தது கல்யாண லீவு பதினைந்து நாள். அதில் பாதி நாள் மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோவில். அப்புறம் ஆறு மாசமாக வெறும் செல்போன் திரை. புருஷன் குரட்டை விடுவானா மாட்டானா என்பதே மறந்து போயிருக்கும்.

வீட்டில் ஒரு மூலையில் பெட்டி. சின்னாளபட்டி சுங்குடிச் சேலை நாலு (போகிற ஊரில் பனி கொட்டும் என்று யாராவது சொல்லுங்களேன்), பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மூணு லிட்டர் குக்கர், அதுக்கு ஒரு எக்ஸ்ட்ரா கேஸ்கட். இருபத்து மூணு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதால் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ரெண்டு தடவை நிறுத்துப் பார்த்தாச்சு. அப்பா தன் பங்குக்கு அசல் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருப்பார். அமெரிக்காவுக்குப் போகிற பெட்டி என்றால் அந்த ஊர் விமானப் பாதுகாப்புத் துறைக்கு எந்தப் பூட்டையும் உடைத்துப் பார்க்க அதிகாரம் உண்டு என்று அவரிடம் சொல்லிப் பாருங்க. "இதை உடைச்சுருவானா?" என்பார் :-)

இந்த ஆசையில் தப்பு ஒன்றும் கிடையாது. கட்டிக்கொண்டவனோடு சேர்ந்து இருக்கணும் என்று ஒருத்தி நினைப்பதை விட நியாயமான ஆசை வேறு என்ன இருக்கிறது? சிக்கல் எங்கே என்றால், அந்தக் கனவு எப்பவும் ஏர்போர்ட் வாசலோடு முடிந்துவிடுகிறது. கதவு திறக்கும், தள்ளுவண்டியோடு இவள் வெளியே வருவாள், அவன் கை காட்டுவான். சுபம். அடுத்த திங்கட்கிழமை காலையில் அவன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது கனவில் வருவதில்லை. அந்தத் திங்கட்கிழமையைத் தீர்மானிக்கிறது அவனுடைய அன்பு இல்லைங்க. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசாவின் வகை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரியும். இருப்பாய்வு ரெண்டு பக்கமும் ஒத்துப் போகவில்லை என்றால் வித்தியாசத் தொகையை அதில் போட்டு வைப்போம். பிழையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அது ஒரு தற்காலிக இடம். கல்யாணமாகி விசா வராத பொண்ணை ரெண்டு வீடும் சேர்ந்து அந்தக் கணக்கில்தான் போட்டு வைக்கிறது. "எப்படியும் போகப் போற, எதுக்கு சி.ஏ. இண்டர்?" "ரெண்டு மாசத்துல கிளம்பிருவ, எதுக்கு இந்த மில்லு ஆபீஸ் வேலை?" ஸ்கூட்டி லைசன்ஸ் கூட எடுக்க விடுவதில்லை. ரெண்டு மாசம் பதினெட்டு மாசம் ஆகும். தற்காலிகக் கணக்கு வருஷக் கடைசி வரைக்கும் அப்படியே நிற்கும்.

அது ஏன் அவ்வளவு இழுக்கிறது என்பதற்கு, கொஞ்சம் பழைய கதை.

தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. கடல் கடந்து போகிற பயணம் பெண்ணோடு சேர்ந்து போவதாக இருப்பதில்லை என்று அது சொல்லும். பொருள் தேடப் போகிறவன் தனியாகப் போவான், இவள் இருந்து காத்திருப்பாள். அதுக்கு ஒரு திணையே இருக்கிறது, முல்லை. தமிழ் வாத்தியார்கள் இதை அந்தக் காலத்து ஒழுக்கம் என்று சொல்லிக் கடந்து போய்விடுவார்கள். ஆனா ரொம்பப் பின்னாடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு மதுரை, திருச்சிச் சீமையில் இருந்து ஆள் எடுத்தபோது குடும்பம் குடும்பமாகத்தான் அழைத்துப் போனார்கள். அதுக்கு முந்தின காப்பித் தோட்டக் காலத்தில் பெரும்பாலும் ஆம்பிளைகள் மட்டும் போய் அறுவடை முடிந்ததும் திரும்பி வந்தார்கள். காப்பிக்குச் சீசன் வேலை. தேயிலைக்கு வருஷம் பூராவும் கொழுந்து கிள்ளப் பெண் கை வேண்டும். துரைக்குத் தேவைப்பட்டதும் பெண் கடல் தாண்டினாள். ஒழுக்கம் எங்கே போச்சு? பெண்டாட்டி கூட வரலாமா வேண்டாமா என்பதை எப்பவும் ஆள் எடுக்கிறவன்தான் முடிவு செய்திருக்கிறான்.

இன்றைக்கும் அதேதான். நூற்பாவுக்குப் பதிலாகச் சம்பள வரம்பு. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்கள் மனைவியைக் கூட்டிப் போக முடியாது. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் அந்த பெர்மிட்டில் முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் டிபென்டன்ட் பாஸ். 2018-க்கு முன்னாடி அது 5,000. அமீரகத்தில் 4,000 திர்ஹாம், கம்பெனி வீடு கொடுத்தால் 3,000. இந்தத் தொகை கிட்டத்தட்ட எவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், வேடசந்தூர், நத்தம் பக்கத்தில் இருந்து கல்ஃபுக்குப் போகிற டிரைவர்கள், எலக்ட்ரீஷியன்கள் பலர் வீட்டில் பெண்டாட்டி ஏன் இங்கேயே இருக்கிறாள் என்பது புரியும். அவர்கள் வீட்டில் "விசா வந்துருச்சா" என்று யாரும் கேட்பதும் இல்லை. வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்போ அந்தப் பையன். பிரிட்டனுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் பொண்ணு முதலில் போவாள், செட்டில் ஆனதும் புருஷன் பின்னாடி போவான் என்பது ஒரு காலத்தில் நடந்த கதை. 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தவர்கள் துணையையும் குழந்தைகளையும் கூட்டிப் போக முடியாது என்று விதியை மாற்றினார்கள். அதே வருஷம் ஜனவரியில் இருந்து, ஆராய்ச்சிப் படிப்பைத் தவிர மற்ற படிப்புக்குப் போகிற மாணவர்களுக்கும் பெரும்பாலும் அதே கதி. வத்தலக்குண்டில் வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் லண்டன்" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் இருந்திருந்தால் அவனை நினைத்துப் பாருங்க. அவனைத் தெரு வேறு மாதிரிக் கேட்கும். "என்னப்பா, சம்சாரம் சம்பாதிக்குது, நீ இங்க...?"

பிரிட்டிஷ் குடிமக்களைக் கட்டியவர்களுக்கும் வரம்பு உண்டு. அந்தப் பக்கத்து வருமானம் வருஷத்துக்கு 18,600 பவுண்டு இருக்கணும் என்று 2012-ல் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. சும்மா இல்லை, மருத்துவச் சேவைக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டணும். ஒரு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அரசு வாங்குவது 1,500 ரூபாய்தான். புருஷன் பக்கத்தில் போய் உட்காருவதற்குத்தான் லட்சக்கணக்கில் ஆகிறது.

அமெரிக்கா தனிக்கதை. எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்கு எச்-4. கூட வரலாம், படிக்கலாம், சமைக்கலாம். சம்பாதிக்கக் கூடாது. இன்ஜினீயரிங் முடித்தவர்கள், பேங்க்கில் ஆபீசராக இருந்தவர்கள் எல்லாம் அங்கே போய் வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2015 மே 26-ல் ஒரு விதி வந்தது. புருஷனுடைய கிரீன் கார்டு வழியில் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவிக்கு வேலை அனுமதி. அந்த அனுமதி வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியர்கள், பெரும்பாலும் பெண்கள். வந்த நாளில் இருந்து அந்த விதி மேல் வழக்கு. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதால் விதி பிழைத்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், அதே மாசக் கடைசியில், புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நாட்களில் வேலையைத் தொடர விட்ட தானியங்கி நீட்டிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொண்ட கதை.

சிங்கப்பூரிலும் இது நடந்தது. டிபென்டன்ட் பாஸில் போனவர்கள் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2021 மே 1 முதல் தனியாக வேலைப் பாஸ் வேண்டும் என்று மாற்றினார்கள். கனடாவில் துணைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஒர்க் பெர்மிட்டை 2025 ஜனவரியில் சுருக்கினார்கள். 2020 கதையைச் சொல்லவே வேண்டாம். மார்ச் 23-ல் பன்னாட்டு விமானங்கள் நின்றன. ஜூன் மாசம் அமெரிக்க அதிபரின் உத்தரவால் எச்-1பியோடு எச்-4 விசாவும் நிறுத்தப்பட்டு, 2021 மார்ச் 31 வரைக்கும் அப்படியே கிடந்தது. அந்த வருஷம் தை மாசம் கல்யாணமாகி விசாவுக்குக் காத்திருந்த ஜோடிகள் முதல் கல்யாண நாளை எப்படிக் கொண்டாடியிருப்பார்கள்? கேக்கை இங்கே வெட்டி, அங்கே காட்டியிருப்பார்கள்.

இத்தனையும் எதுக்கு என்றால், நிச்சயம் பண்ணும்போது இதில் ஒன்றையும் யாரும் கேட்பதில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ரஜ்ஜு தட்டினால் இடத்தையே விட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு எத்தனை சம்பளம், சொந்த வீடா, குடிப்பாரா, எல்லாம் ஆள் விட்டு விசாரிக்கிறார்கள். "தம்பி, நீங்க எந்த விசாவுல இருக்கீங்க? பொண்ணு அங்க வந்தா வேலைக்குப் போகலாமா? எத்தனை மாசம் ஆகும்?" இந்த மூணு கேள்வி மட்டும் கிடையாது. கேட்டால் மரியாதைக் குறைவாம். சீர் வரிசையில் எத்தனை பவுன் என்று கேட்பதற்கு வராத கூச்சம் இதுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ!

கேட்க வேண்டியது தாய்மாமாவும் இல்லை, பொண்ணேதான். அவள்தான் அந்த விசாவில் வாழப் போகிறவள். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு "ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கிட்டும்" என்று மாடிக்கு அனுப்புகிறார்களே, அந்தப் பத்து நிமிஷத்தில் "உங்களுக்கு என்ன ஹீரோ பிடிக்கும்" என்பதோடு இதையும் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாதவன் கெட்டவன் ஆகிவிட மாட்டான். பல பேர் தன் விசாவைப் பற்றியே சரியாகப் படித்ததில்லை. ஆனா கேட்டதுக்குக் கோபப்படுகிறவனாக இருந்தால் அது நல்ல தகவல்தானே?

"அப்போ பிரியத்தைக் கூடச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணுமா?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். நியாயமான கேள்விதான். சம்பளச் சீட்டைப் பார்க்கிறது அந்தப் பொண்ணு இல்லையே, அந்த நாட்டு அரசாங்கம். ஒன்பதாயிரம் மைல் தள்ளி எவனோ எழுதிய வரம்பு ரெண்டு பேரைப் பிரித்து வைத்திருக்கும்போது, அந்த வரம்பு எவ்வளவு என்று தெரிந்து வைத்திருப்பது எப்படிப் பிரியத்துக்கு எதிராகும்? தெரியாதவள்தான் கடைசியில் "இவருக்கு என்னைக் கூட்டிட்டுப் போக இஷ்டம் இல்லையோ" என்று ராத்திரி ராத்திரி அழுகிறாள். அவனும் அங்கே ஒரு சமையலறையை ஆறு பேரோடு பகிர்ந்துகொண்டு, இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனை வைத்துவிடுகிறான்.

இன்னொரு பேச்சும் உண்டு, "எல்லாப் பொண்ணுக்குமா வேலைக்குப் போகணும்னு ஆசை?" இல்லைதான். வீட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அதில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை. பிடித்து வீட்டில் இருப்பது வேறு, சட்டம் விடாமல் வீட்டில் இருப்பது வேறு. முதலாவதை ஒரு நாள் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, காத்திருக்கிற மாசங்களை அனாமத்தில் போடாமல் வேறு தலைப்பில் எழுதலாம். நாளைக்கே விசா வந்து டேலி கோர்ஸைப் பாதியில் விட்டால் நஷ்டம் சில ஆயிரம் ரூபாய். வராமல் ஒண்ணரை வருஷம் சும்மா இருந்தால் நஷ்டம் ஒண்ணரை வருஷம். இதைக் கணக்குப் போட பி.காம். கூடத் தேவையில்லை. ஜெர்மனிக்குப் போகிறவர்களில் பலருக்கு ஏ1 அளவு ஜெர்மன் மொழி விசாவுக்கே வேண்டும் (மாப்பிள்ளை புளூ கார்டில் இருந்தால் கட்டாயமில்லை, இருந்தாலும் ரொட்டிக் கடையில் பேச வேண்டுமே). வேலைக்குப் போனால் சம்பளம் தன் பெயரில் ஒரு பேங்க் கணக்கில் இருக்கும். போகும்போது அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றணும், மூடக் கூடாது. பெட்டியில் பருப்புப் பொடியோடு அதுவும் ஒரு துணை.

காகித வேலைகளை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீசில் பதியணும், விட்டால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரைக்கும். மாப்பிள்ளை பதினைந்தாவது நாள் பிளேன் ஏறிவிடுவார் என்பதால் கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே விருந்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போடுவது உத்தமம்.

அடுத்தது இனிஷியல். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தக் கஷ்டம் இருக்குமா தெரியாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துக் கொடுப்பார்கள், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் ஒரு பெயரோடு வாழ்ந்துவிட்டு அங்கே ஆஸ்பத்திரியிலும் பேங்க்கிலும் "மிஸ் எஃப்னூ" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

அதேபோல டிகிரி டிரான்ஸ்கிரிப்ட். இங்கே இருக்கும்போது மதுரை பல்கலை நகருக்கு ஒரு பஸ் டிக்கெட். அங்கே போன பிறகு வேண்டும் என்றால் வயசான அப்பாவைத்தான் அலைய விடணும். ரெண்டு செட் வாங்கி, கவரைப் பிரிக்காமல் கையோடு எடுத்துப் போகணும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட்டைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான், மாப்பிள்ளை பெயர் போட்டுத்தான் எடுக்கணும் என்று சில வீடுகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்று கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்தியாச்சு. மனைவி பாஸ்போர்ட் கேட்டால் புருஷனின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயசு முடிந்த எந்தப் பொண்ணும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்னாடியே விண்ணப்பிக்கலாம். பத்து வருஷம் செல்லும்.